ராஜ்யம் போச்சு, புத்தகம் வந்துச்சு: யார் இந்த சரபோஜி மன்னர்?

ஒவ்வொரு வருடமும் கோடையில் தான் படித்த புத்தகங்களின் பட்டியலை அமெரிக்க முன்னாள் அதிபர் ஒபாமா வெளியிடுவார். அது உடனே வைரலாகும். நம்ம ஊரிலும் அமைச்சரையோ கலெக்டரையோ பார்க்கப் போகிறவர்கள் சால்வைக்குப் பதிலாகப் புத்தகம் எடுத்துப் போவது இப்போ சகஜம். ஆட்சியில் இருப்பவர் என்ன படிக்கிறார், யாருக்கு என்ன புத்தகம் கொடுக்கிறார் என்பதும் ஒரு செய்திதான்.

200 வருடங்களுக்கு முன்னாடி தஞ்சாவூர்க் கோட்டைக்குள் இருந்த ஒரு மன்னருக்கு இது பொழுதுபோக்கு மட்டும் இல்லை, கிட்டத்தட்ட முழுநேர வேலை. லண்டனிலிருந்து கப்பலில் புத்தகம் வரும். இங்கிருந்து பறவை ஓவியங்கள் போகும். கிறிஸ்தவப் பிஷப் வந்தால் வேதியியல் பற்றிப் பேச்சு ஓடும். காசிக்குப் போனால் ஓலைச்சுவடிகளைத் தேடச் சொல்வார். அவர்தான் இரண்டாம் சரபோஜி. தஞ்சை சரஸ்வதி மகால் நூலகத்தின் பெயரோடு சேர்ந்தே சொல்லப்படுகிறவர்.

பள்ளிப் புத்தகத்தில் அவரைப் பற்றி ரெண்டு வரி இருக்கும்: கலைகளை வளர்த்தார், நூலகத்தைப் பெருக்கினார். இந்த மன்னருக்கு ஆள்வதற்கு நாடே இல்லை என்பதை அந்த ரெண்டு வரி சொல்லாது. காவிரி டெல்டாவின் நெல்வயல் முழுவதும் கிழக்கிந்திய கம்பெனியின் கையில். அவர் கையில் ஒரு கோட்டை, ஒரு பென்ஷன். அப்படிப்பட்ட ஒருவர் எதற்காக இவ்வளவு படித்தார்?

ஒன்பது வயதில் இளவரசர், அப்புறம் கைதி

சரபோஜி பிறந்தது 1777 செப்டம்பரில், போன்ஸ்லே குடும்பத்தின் ஒரு கிளையில். சத்ரபதி சிவாஜியின் தம்பி வெங்கோஜி வழியில் தஞ்சையை ஆண்டுவந்த மராட்டிய மன்னர் துளஜாவுக்கு வாரிசு இல்லை. 1787 தொடக்கத்தில், ஒன்பது வயதுப் பையனான சரபோஜியை அவர் தத்து எடுத்தார். எடுத்த கொஞ்ச நாளிலேயே துளஜா இறந்துபோனார்.

இங்கேதான் கதைக்குள் ஒரு ஜெர்மன் பாதிரியார் வருகிறார். கிறிஸ்டியன் ஃப்ரெடரிக் சுவார்ட்ஸ். 1726-ல் பிரஷ்யாவில் பிறந்து, டென்மார்க்காரர்களின் கோட்டை இருந்த தரங்கம்பாடிக்கு மதப் பணிக்காக வந்து, பிறகு தஞ்சையில் தங்கிவிட்டவர். தமிழ், மராத்தி, பாரசீகம், போர்த்துகீசியம் எல்லாம் தெரியும். 1779-ல் ஹைதர் அலியிடம் தூது போக கம்பெனிக்கு ஆள் தேவைப்பட்டபோது, ஸ்ரீரங்கப்பட்டினத்துக்கு அனுப்பப்பட்டவர் இவர்தான். அடுத்த சில வருடங்களில் ஹைதரின் படையெடுப்பால் டெல்டா பஞ்சத்தில் விழுந்தபோது நெல் சேர்த்துவைத்துப் பசித்தவர்களுக்குக் கொடுத்தார். அதனால் ரெண்டு பக்கமும் அவர் வார்த்தைக்கு மதிப்பு இருந்தது.

துளஜா சாகும் முன் பையனுக்குப் பாதுகாவலராக இருக்கும்படி சுவார்ட்ஸைத்தான் கேட்டார். அவர் தனியாக அந்தப் பொறுப்பை ஏற்கவில்லை. மன்னரின் தம்பி முறையான அமர்சிங்கிடம் ஒப்படைக்கச் சொன்னார். நல்லெண்ணத்தில் சொன்ன யோசனை, நேர் எதிராக முடிந்தது. தத்து செல்லாது என்று பண்டிதர்கள் சொன்னார்கள், கம்பெனி அதை ஏற்றது, அமர்சிங் தானே அரியணையில் ஏறினார். சின்னப் பையன் அரண்மனைக்குள் அடைபட்டான். படிப்பு கிடையாது. பின்னாளில் இவ்வளவு படித்த மனுஷனுக்குச் சிறுவயதில் எழுத்து சொல்லித்தர ஆள் விடப்படவில்லை.

சுவார்ட்ஸ் விடவில்லை, திரும்பத் திரும்ப கம்பெனிக்கு எழுதினார். கடைசியில் 1793-ல், துளஜாவின் மனைவிகளோடு சேர்த்து 15 வயதுச் சரபோஜியும் பாதுகாப்பாகச் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டார். அங்கே கெரிக்கே என்ற இன்னொரு ஜெர்மன் பாதிரியாரிடம் படிப்பு. ஆங்கிலம், கணக்கு, ஐரோப்பிய வரலாறு. கிட்டத்தட்ட ஒரு அகதி மாணவனின் வாழ்க்கை.

இதற்கிடையே கம்பெனி மறுபடி பண்டிதர்களைக் கேட்டது. இந்த முறை தத்து செல்லும் என்று பதில் வந்தது! சாஸ்திரம் பத்து வருடத்தில் மாறிவிட்டதா என்று யாரும் கேட்கவில்லை. 1798 ஜூன் 29 அன்று சரபோஜிக்கு முடிசூட்டு. அமர்சிங் பென்ஷனோடு திருவிடைமருதூரில் போய் இருந்துகொண்டார். இதைப் பார்க்க சுவார்ட்ஸ் உயிரோடு இல்லை. நாலு மாதம் முன்னாடி, பிப்ரவரியில் இறந்துபோயிருந்தார்.

22 வயதில் ஒரு கையெழுத்து

முடி சூட்டியவர்கள் சும்மா சூட்டவில்லை. அடுத்த வருடமே, 1799 அக்டோபர் 25 அன்று, ஒரு ஒப்பந்தம். நாட்டின் நிர்வாகம், வரி வசூல், நீதி எல்லாம் கம்பெனிக்கு. மன்னருக்குத் தஞ்சைக் கோட்டையும் அதன் சுற்றுப்புறமும். வருடம் ஒரு லட்சம் நட்சத்திர வராகன், அதாவது சுமார் மூன்றரை லட்சம் ரூபாய். அதோடு நாட்டின் நிகர வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு.

அந்தக் காலத்தில் தென்னிந்தியாவிலேயே செழிப்பான நெல்சீமை இது. ஐந்தில் ஒரு பங்கு என்பது சின்னத் தொகை இல்லை. ஆனால் எந்த வாய்க்காலைத் தூர்வாரணும், எந்தக் கிராமத்துக்கு வரி தள்ளுபடி, எந்த அதிகாரியை மாற்றணும் என்பதில் மன்னருக்கு இனி பேச்சே இல்லை. ஒரு அரசனின் அன்றாட வேலை என்பது இதுதானே? அது ஒரே கையெழுத்தில் போய்விட்டது.

போரில் தோற்றிருந்தால்கூட ஒரு கதை இருந்திருக்கும். சரபோஜிக்கு அதுவும் இல்லை. அரியணையை வாங்கிக்கொடுத்தவர்களே நாட்டை எடுத்துக்கொண்டார்கள். அதற்கு எதிராக அவர் கிளர்ச்சி எதுவும் செய்யவில்லை. அதே வருடம் மே மாதம் திப்பு ஸ்ரீரங்கப்பட்டினத்தில் கொல்லப்பட்டார், அக்டோபரில் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். எதிர்த்தால் என்ன ஆகும் என்பது 22 வயதுப் பையனுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. அவரைக் கோழை என்று இன்று எழுதுவது சுலபம். அந்த இடத்தில் இருந்து பார்த்தால் அவ்வளவு சுலபமாகத் தெரியாது.

லண்டனுக்கு ஆர்டர்

அவர் எடுத்த வழி வேறு. தன் அரண்மனையில் கம்பெனியின் பிரதிநிதியாக, ரெசிடென்ட் என்ற பதவியில் இருந்த பெஞ்சமின் டோரினோடு நட்பு பிடித்துக்கொண்டார். டோரின் வேலை முடிந்து லண்டன் திரும்பிய பிறகும் நட்பு விடவில்லை. தஞ்சையிலிருந்து பட்டியல் போகும். டோரின் அங்கே வாங்கி அனுப்புவார். புத்தகம், வரைபடம், அறிவியல் கருவி.

இது இன்றைய ஆன்லைன் ஆர்டர் மாதிரி இல்லை. சூயஸ் கால்வாய் வெட்டப்பட்டது 1869-ல்தான். அதற்கு முன் கப்பல்கள் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றித்தான் வரணும். ஒரு பக்கத்துக்கே பல மாதம். ஒரு புத்தகம் கேட்டு, அது கைக்கு வந்து சேர ஒரு வருடத்துக்கு மேல் ஆகலாம். அவ்வளவு பொறுமையாகக் காத்திருந்து சேர்த்தவைதான் இன்றைக்கு நூலகத்தில் சரபோஜி சேகரிப்பு என்று தனியாக இருக்கும் சுமார் 4,500 அச்சுப் புத்தகங்கள். ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் எல்லாம் உண்டு. வந்த புத்தகத்தில் தன் பெயரை ஆங்கிலத்தில் கையெழுத்தாகப் போடுவது அவர் வழக்கம். மருத்துவம், உடற்கூறு, வேதியியல், வானியல், கவிதை, பயணக் கதைகள். மனித முகங்களை மிருக முகங்களோடு ஒப்பிட்டு பிரெஞ்சு ஓவியர் லெ ப்ரூன் வரைந்த படங்களும் அதில் உண்டு. நூலகத்தின் அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் அதிக நேரம் நிற்கிற இடங்களில் அதுவும் ஒன்று.

இதில் ஒரு ஆர்டர் மட்டும் தனி ரகம். சரபோஜிக்கு உடற்கூறு படிக்க ஆசை. எலும்புக்கூடு வேணும். ஆனால் உண்மையான மனித எலும்பைத் தொடுவது அவருடைய ஆசாரத்துக்கு ஆகாது. தீர்வு? யானைத் தந்தத்தில் செய்த எலும்புக்கூட்டுக்கு இங்கிலாந்தில் ஆர்டர். 1804-ல் தஞ்சைக்கு வந்த ஆங்கிலப் பிரபு வாலன்ஷியா இந்த விஷயத்தைத் தன் பயணக் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். ஆசாரத்தையும் விடவில்லை, அனாட்டமியையும் விடவில்லை. சரபோஜியை ஒரே படத்தில் காட்டணும் என்றால் இதைவிடப் பொருத்தமானது கிடைக்காது.

போக்குவரத்து ஒருவழி இல்லை. தஞ்சை ஓவியர்களை வைத்துப் பறவைகள், விலங்குகளின் படங்களை வரையச் செய்து டோரினுக்கு அனுப்பினார். அந்தத் தொகுப்பு இப்போது லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. புத்தகத்துக்குப் படம் என்ற இந்தக் கொடுக்கல் வாங்கலில் அவர் ஒரு விஷயத்தைச் சத்தமில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தார்: தஞ்சை கேட்டு வாங்குகிற இடம் மட்டும் இல்லை, கொடுக்கிற இடமும்தான். படையும் கஜானாவும் இல்லாத ஒருவர் சரிக்குச் சமமாக உட்கார்ந்து பேசக்கூடிய ஒரே மேஜை அறிவு மேஜை. அதை அவர் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார்.

குறத்தி சொன்ன பூகோளம்

வாங்கிச் சேர்த்துப் பூட்டி வைத்திருந்தால் அவர் இன்னொரு பணக்காரச் சேகரிப்பாளராகத்தான் இருந்திருப்பார். படித்ததை அவர் பக்கத்தில் இருந்தவர்களுக்கும் கொண்டுபோகப் பார்த்தார்.

1805-ல் அரண்மனையில் ஒரு அச்சுக்கூடம் வந்தது. தேவநாகரி எழுத்தில் அச்சடித்தது. தென்னிந்தியாவில் அந்த எழுத்துக்கு அதுதான் முதல் அச்சுக்கூடம் என்று சொல்லப்படுகிறது. அடுத்த வருடமே அதில் ஈசாப் கதைகள் மராத்தியில் அச்சானது. பெயர், பாலபோத முக்தாவளி. மொழிபெயர்த்தவர் சக்கண்ண பண்டிதர். ஒரு மன்னரின் அச்சுக்கூடத்தில் முதலில் வருவது வம்சப் புகழ் என்றுதான் எதிர்பார்ப்போம். இங்கே நரியும் காக்காவும் வந்தன. (வம்சப் புகழ் இல்லாமல் இல்லை. பெரிய கோயிலின் தென்மேற்குப் பக்கச் சுவரில், 1803-ல் போன்ஸ்லே வம்ச வரலாற்றை மராத்தியில் வெட்டிவைத்தார். உலகின் மிக நீளமான கல்வெட்டுகளில் ஒன்று என்று சொல்வார்கள். அடுத்த முறை பெரிய கோயில் போனால், செல்ஃபி முடிந்ததும் அந்தப் பக்கம் ஒரு நடை போய்ப் பாருங்க.)

அதைவிட சுவாரஸ்யம் தேவேந்திர குறவஞ்சி. குறவஞ்சி என்றால் நமக்குத் தெரியும்: தலைவி காதலில் தவிப்பாள், குறத்தி வந்து கை பார்த்துக் குறி சொல்வாள், நடுவே தன் மலையையும் ஊரையும் வர்ணிப்பாள். அச்சு அசல் தமிழ் நாடக வடிவம். சரபோஜி அதை எடுத்து மராத்தியில் எழுதினார். அவருடைய குறத்தி வர்ணிப்பது குற்றாலத்தை இல்லை, உலகப் பூகோளத்தை! கண்டங்கள், நாடுகள், நகரங்கள், ஆறுகள் எல்லாம் பாட்டாக வரும். ஐரோப்பியப் புத்தகத்தில் படித்ததை, தஞ்சையில் எல்லோருக்கும் பழகிய ஒரு வடிவத்துக்குள் வைத்துக் கொடுத்த வேலை இது. கடினமான விஷயத்தை ரீல்ஸ் ஆக்கிப் புரியவைக்கிற இன்றைய ஆசிரியர்களுக்கு அவர் முன்னோடி என்றுகூடச் சொல்லலாம்.

அவரைப் பற்றியே ஒரு தமிழ்க் குறவஞ்சியும் உண்டு. கொட்டையூர் சிவக்கொழுந்து தேசிகர் எழுதிய சரபேந்திர பூபாலக் குறவஞ்சி. அது பெரிய கோயிலில் ஆடப்பட்டது. தஞ்சை நால்வர் என்று பரதநாட்டியக்காரர்கள் கொண்டாடும் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகியோரும் இந்த அரண்மனைச் சூழலில் வளர்ந்தவர்கள்தான். ஐரோப்பிய இசைக் கருவிகளும் அப்போது தஞ்சை அரண்மனையில் ஒலித்தன. வயலின் நம் கச்சேரி மேடையில் நிரந்தரமாக உட்கார்ந்ததற்குத் தஞ்சைக்கும் வடிவேலுக்கும் பெரிய பங்கு உண்டு.

ஒரே ஆசிரியர், ரெண்டு மாணவர்கள்

சரபோஜியின் கலாசார ராஜதந்திரம் எங்கே நின்றது, எங்கே இடித்தது என்பதைப் புரிந்துகொள்ள வேதநாயகம் சாஸ்திரியாரைப் பார்க்கணும். சரபோஜியைவிட மூன்று வயது மூத்தவர். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன், 12 வயது வாக்கில் சுவார்ட்ஸ் அழைத்துவந்து தஞ்சையில் படிக்கவைத்தவர். பின்னாளில் பெத்லகேம் குறவஞ்சி எழுதிய பெரும் கிறிஸ்தவக் கவிஞர். ரெண்டு பேருக்கும் ஆசான் ஒருவரே. மன்னரான பிறகும் சரபோஜி அவரை ஆதரித்தார், அரண்மனையில் பாடவைத்தார்.

ஆனால் பெரிய கோயில் இறைவன் மேல் ஒரு குறவஞ்சி பாடச் சொல்லிக் கேட்டபோது சாஸ்திரியார் முடியாது என்றுவிட்டார். அவருடைய நம்பிக்கை அதற்கு இடம் தரவில்லை. மன்னருக்கும் அதேபோல ஒரு எல்லை இருந்தது. பாதிரியார் கையில் வளர்ந்த பையன், ஒருநாள் மதம் மாறுவார் என்று மிஷனரிகள் ரொம்ப நாள் எதிர்பார்த்தார்கள். அவர் மாறவில்லை. பெரிய கோயிலுக்குத் திருப்பணி செய்தார், காசி யாத்திரை போனார், கடைசிவரை சிவபக்தராகவே இருந்தார். அதே கையோடு, கண்ணந்தங்குடியில் 50 ஏழைக் கிறிஸ்தவக் குழந்தைகளைச் சாப்பாடு போட்டுப் படிக்கவைக்க ஏற்பாடும் செய்தார்.

சுவார்ட்ஸுக்கு அவர் செய்த நன்றிக்கடனை இன்றும் பார்க்கலாம். சிவகங்கைப் பூங்கா பக்கத்துத் தேவாலயத்தில் ஒரு பளிங்குச் சிற்பம் இருக்கிறது. இங்கிலாந்தின் புகழ்பெற்ற சிற்பி ஜான் ஃப்ளாக்ஸ்மேனிடம் சரபோஜி சொல்லிச் செய்யவைத்தது. படுக்கையில் சாகும் தறுவாயில் கிழவர், பக்கத்தில் கை பிடித்தபடி இளம் மன்னர். கல்லறைக் கல்லுக்கு ஆங்கிலத்தில் கவிதை வரிகளும் அவரே எழுதினார். இதில் அரசியல் கணக்கு இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. லண்டனில் செய்து கப்பலில் வருகிற சிற்பத்தை லண்டனிலும் நாலு பேர் பார்ப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் எழுத்து சொல்லித்தர ஆளில்லாமல் அடைபட்டுக் கிடந்த பையனை வெளியே எடுத்தவர் அந்தக் கிழவர்தான் என்பதும் உண்மை.

சத்திரத்துக்காக ஒரு கடிதம்

இந்த நட்பும் நயமும் நிஜமாக எதையாவது சாதித்ததா? ஒரு இடத்தில் சாதித்தது.

காசியிலிருந்து ராமேஸ்வரம் போகிற பாதை டெல்டா வழியாகத்தான். அந்தப் பாதை நெடுக மராட்டிய மன்னர்கள் சத்திரங்கள் கட்டி வைத்திருந்தார்கள். வழிப்போக்கர் யாராக இருந்தாலும் சோறு. நோயாளிக்கு வைத்தியம். பிள்ளைகளுக்குப் படிப்பு. நிர்வாகம் கம்பெனிக்குப் போனபோது, சத்திரத்துக்கு விடப்பட்ட நிலங்களின் கதி என்ன என்ற கேள்வி வந்தது. 1801-ல் சரபோஜி ரெசிடென்ட் டோரினுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். பிராமணர் முதல் பறையர் வரை எல்லோருக்கும் அங்கே சாப்பாடு உண்டு, நோயாளியையும் பிரசவத்துக்கு வந்த பெண்ணையும் கவனிக்கிறோம், இதை நிறுத்தினால் தன் குலத்தின் பெயரே போய்விடும் என்பது அதன் சாரம். அதில் அதிகாரத் தொனி கிடையாது. இங்கிலீஷ்காரர் ஒருவருக்குப் புரிகிற மொழியில், புரிகிற நியாயத்தோடு எழுதப்பட்டது. சென்னையில் கெரிக்கேவிடம் கற்ற ஆங்கிலம் இங்கேதான் நேரடியாகச் சோறு போட்டது. சத்திரங்கள் மன்னர் பொறுப்பிலேயே தொடர்ந்தன. ஒரத்தநாட்டில் 1802-ல் அவர் புதிதாகவே ஒன்றை எழுப்பினார், தன் அன்புக்குரிய முத்தாம்பாள் பெயரில். முத்தாம்பாள் சத்திரம் என்று அந்தப் பக்கம் யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள்.

மருத்துவமும் இந்தப் பட்டியலில் சேரும். அரண்மனையின் தன்வந்திரி மகாலில் நாட்டு வைத்தியமும் ஐரோப்பிய வைத்தியமும் ஒன்றாகப் பார்த்தார்கள். கண் நோயாளிகளுக்குக் கண்ணின் படம் வரைந்து, என்ன கோளாறு, என்ன சிகிச்சை என்று தனித்தனியாக எழுதிவைத்த குறிப்பேடுகள் நூலகத்தில் இருக்கின்றன. இன்றைய கேஸ் ஷீட்டுக்குப் பெரிதாக வித்தியாசம் இல்லை. சோதித்துப் பார்த்த மருந்து முறைகள் தமிழில் சரபேந்திர வைத்திய முறைகள் என்ற பெயரில் தொகுக்கப்பட்டன.

இன்னொரு பக்கமும் இருக்கு

நட்பின் விலை என்ன என்று தெரியணும் என்றால், சேதுபாவாசத்திரம் பக்கம் கடற்கரைக்குப் போகணும். அங்கே மனோரா என்ற எட்டு அடுக்குக் கோபுரம் நிற்கிறது. நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதைக் கொண்டாட 1814-15 வாக்கில் சரபோஜி கட்டியது. ஐரோப்பாவில் யாரோ யாரையோ தோற்கடித்ததற்குப் பட்டுக்கோட்டைச் சீமையில் நினைவுச் சின்னம்! இன்றைக்கு அது ஒரு நல்ல பிக்னிக் ஸ்பாட். ஆனால் தன் நாட்டை எடுத்துக்கொண்டவர்களின் வெற்றிக்கு ஒரு மன்னர் தன் செலவில் கட்டிய கோபுரம் என்று நினைத்துப் பார்த்தால் கொஞ்சம் உறுத்தும். மனோராவை விட்டுவிட்டு சரபோஜியைப் புகழ்ந்தால், அது பாதி சரபோஜிதான்.

அந்தச் செலவும் எங்கிருந்து வந்தது? வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு என்றால், அது வயலில் விளைந்த நெல். குறுவையும் சம்பாவும் நட்டு அறுத்த பண்ணையாட்களில் எத்தனை பேர் ஈசாப் கதையைக் கையில் பார்த்திருப்பார்கள்? அரண்மனை நூலகம் அவர் காலத்தில் பொதுமக்களுக்கானது இல்லை. அச்சான புத்தகங்கள் பெரும்பாலும் மராத்தியும் சமஸ்கிருதமும். டெல்டாவின் வயலில் பேசப்பட்டது தமிழ். சத்திரத்துப் பள்ளிகள் இந்த இடைவெளியைக் கொஞ்சம் குறைத்தன, அவ்வளவுதான். காவிரியில் எங்கே அணை, எவ்வளவு தண்ணீர் என்ற முடிவெல்லாம் கம்பெனி பொறியாளர்கள் பக்கம் போய்விட்டது. அவர் இறந்து நாலு வருடத்தில், 1836-ல், ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணையைக் கட்டினார். ஆற்றின் போக்கையே மாற்றிய அந்த வேலையில் தஞ்சை அரண்மனைக்கு எந்த இடமும் இல்லை.

கடைசி வருடங்கள்

1820-ல் சரபோஜி காசி யாத்திரை கிளம்பினார். கூட சுமார் 3,000 பேர். போய்த் திரும்ப ரெண்டு வருடத்துக்கு மேல். இதையும் அவர் வெறும் யாத்திரையாக விடவில்லை. போகிற வழியில் சுவடிகளை வாங்கவும் பிரதி எடுக்கவும் ஆட்களை வைத்தார். காசியின் படித்துறைகளை ஓவியமாக வரையச் செய்தார். சரஸ்வதி மகாலின் சமஸ்கிருதச் சுவடிகளில் கணிசமான பகுதி இப்படி வடக்கிலிருந்து வந்தது.

1826 மார்ச் மாதம் கல்கத்தா பிஷப் ரெஜினால்ட் ஹீபர் தஞ்சைக்கு வந்தார். லவாய்சியர், லின்னேயஸ், பஃபோன் என்று ஐரோப்பிய அறிவியலாளர்களை மன்னர் சரளமாக எடுத்துப் பேசியதையும், ஷேக்ஸ்பியரைப் பற்றி அவருக்கு இருந்த தெளிவான கருத்தையும் பார்த்து வியந்துபோய் எழுதினார். அடுத்த சில நாளில், ஏப்ரல் 3 அன்று, திருச்சியில் குளிக்கும்போது ஹீபர் இறந்துவிட்டார். ஐரோப்பாவில் சரபோஜியின் பெயரைப் பரப்பியதில் அந்தக் கடைசிக் குறிப்புகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

1832 மார்ச் 7 அன்று சரபோஜி காலமானார். வயது 54. மகன் சிவாஜி பட்டத்துக்கு வந்தார். 1855-ல் ஆண் வாரிசு இல்லாமல் அவரும் இறக்க, மிச்சமிருந்த கோட்டையையும் கம்பெனி எடுத்துக்கொண்டது. அரண்மனைச் சொத்துகள் மேல் பூட்டு விழுந்தது. மூத்த ராணி காமாட்சி பாய் வழக்குப் போட்டார். சென்னையில் ஜெயித்தார். 1859-ல் லண்டன் பிரிவி கவுன்சில் அதை ரத்து செய்தது. இது அரசாங்க நடவடிக்கை, நீதிமன்றம் தலையிட முடியாது என்பது தீர்ப்பு. இந்தியச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடமாக இருக்கும் வழக்கு அது.

புத்தகங்கள் என்ன ஆச்சு?

நாடு, கோட்டை, பட்டம் எல்லாம் போன பிறகும் சரஸ்வதி மகால் சிதறாமல் தப்பியது. அதற்குக் காரணமானவர்களில் ஒருவர், விசித்திரமாக, இன்னொரு ஆங்கில அதிகாரி. தஞ்சையில் நீதிபதியாக இருந்த ஆர்தர் பர்னெல். கோர்ட் வேலை போக மிச்ச நேரத்தில் அரண்மனைச் சுவடிகளுக்குள் உட்கார்ந்து, சமஸ்கிருதச் சுவடிகளின் பட்டியலைத் தயாரித்தார். 1880-ல் அது லண்டனில் அச்சானது. தஞ்சையில் என்ன இருக்கிறது என்று உலக அறிஞர்களுக்குத் தெரியவந்தது அதன் மூலம்தான். இந்திய ஆங்கிலச் சொற்களின் புகழ்பெற்ற அகராதியான ஹாப்சன்-ஜாப்சனை உருவாக்கிய இருவரில் இவரும் ஒருவர்.

1918-ல் நூலகம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. இப்போது அங்கே சுமார் 49,000 சுவடிகள். பெரும்பகுதி சமஸ்கிருதம், அதோடு தமிழ், மராத்தி, தெலுங்கு. அரண்மனையின் அன்றாடக் கணக்கும் கடிதமும் அடங்கிய மோடி எழுத்து ஆவணங்களைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் தமிழில் கொண்டுவந்திருக்கிறது. நூலகம் தன் சுவடிகளைப் புத்தகங்களாகவும் பதிப்பித்துவருகிறது. தேவேந்திர குறவஞ்சியும் சரபேந்திர வைத்திய முறைகளும் அப்படி வந்தவைதான். அரண்மனை தர்பார் மண்டபத்தில் கைகூப்பி நிற்கும் வெள்ளைப் பளிங்குச் சரபோஜியைப் பார்த்துவிட்டு, அப்படியே நூலகம் பக்கம் நடந்தால் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் அவர் வாங்கிய புத்தகங்கள் இருக்கும்.